சுருட்டுக்குப் பதில் கதை

...அப்ப நான் ஆரின்ரை சொல்லைக் கேக்கிறது? நீங்களே சொல்லுங்கோ அண்ணை! பங்குச் சுவாமி சொல்லுறார், "லியோன், வாயை மூடு" எண்டு. இந்தக் கதவுக்கு அங்காலை இருக்கிற கிளினிக்குப் பிள்ளை சொல்லுறா, "ஐயா, வாயைத் திறந்து கதையுங்கோ" எண்டு. சுவாமி ஆத்துமத்துக்குச் சொல்லுறார், பிள்ளை நெஞ்சுக்குச் சொல்லுறா. இடையிலை நிண்டு நான் அவியிறன்.

இல்லையில்லை, எழும்பாதேங்கோ. உங்கடை நம்பர் இன்னும் கூப்பிடேல்லை. இந்த வாங்கிலை உங்களுக்கு முதல் ஒரு மனிசன் இருந்தவர், நீலச் சேட்டு. அவரிட்டைத்தான் இந்தக் கதையைத் தொடங்கினனான். நல்லாத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவிலை, "ஒருக்கா சைக்கிளைப் பாத்திட்டு வாறன்" எண்டார். போனவர் போனவர்தான். சைக்கிளைப் பாக்க இவ்வளவு நேரமே? அதென்ன பொம்பிளை பாக்கிறதே!

சரி விடுங்கோ. நீங்கள் புதுசு போலை? முகத்தைப் பாக்கத் தெரியுது. முதல் நாள் நானும் உப்பிடித்தான், களவெடுத்துப் பிடிபட்டவன் மாதிரி இதிலை குந்திக்கொண்டிருந்தனான். என்னைத் தெரியுமே? லியோன், குருநகர். கடற்தொழில். தொழில் எண்டு பேருக்குச் சொல்லுறன், இப்ப எங்கை கடல்? சண்டையாலை போகேலாது எண்டு தடை, வள்ளம் கவிண்டு கிடக்கு, கோழி அதுக்குக் கீழை முட்டை இடுது. ஆனால் கூத்துப் பாக்கிற ஆக்களைக் கேட்டுப்பாருங்கோ. ராசா லியோன் எண்டால் தெரியும். எங்கடை கோயில் பெருநாள் கூத்திலை எப்பவும் நான்தான் ராசா. யேசுவைக் கும்பிடுற வேதக்காரரைப் பிடிச்சுச் சிறையிலை போட்டு, கடைசியிலை மனம் திரும்பி அழுகிற ராசா. நான் அழுதால் முன் வரிசையிலை இருக்கிற கிழவியள் மூக்குச் சீறுவினம். அவ்வளவு திறமான அழுகை!

ஆ... இந்தா வருது. பொறுங்கோ. உங்களுக்கு வாறதில்லையே? நாக்குக்குக் கீழை தண்ணி ஊறி, விரல் ரண்டும் தானா இப்பிடிச் சேந்து... இப்ப ஒரு சுருட்டு இருந்தால்! இல்லை. கதை. கதை, லியோன், கதை! எங்கை விட்டனான்? ஓம், ராசா.

போன பெருநாளிலைதான் அண்ணை அந்த அநியாயம் நடந்தது. ராசாவுக்கு ஒரு வரவுப்பாட்டு இருக்கு. திரையை விலத்திக்கொண்டு வரேக்கை பாடுறது. "மண்டலம் நடுங்கவே, மணிமுடி இலங்கவே, வந்தேன் நானே" எண்டு. அந்தக் கடைசி "ஏ" இருக்கெல்லே, அதை இழுக்கவேணும். மத்தளக்காரன் ஒரு சுத்து அடிச்சு முடியுமட்டும் ஒரே மூச்சிலை இழுக்கவேணும். அதிலைதான் அவன் ராசாவோ சேவகனோ எண்டு தெரியும். நான் இழுக்கிறன்... இழுக்கிறன்... பாதியிலை இருமல்! இருமலெண்டால் சும்மா இருமல் இல்லை, எஞ்சின் ஸ்ராட் எடுக்காத மாதிரி ஒரு இருமல். குனிஞ்சு குனிஞ்சு இருமினதிலை தலையிலை இருந்த ராசா முடி கழண்டு விழுந்து சனத்துக்குள்ளை உருண்டு போட்டுது. ஒரு சின்னப் பெட்டை அதை எடுத்துத் தன்ரை தலையிலை வைச்சிட்டாள். சனம் கை தட்டுது! எனக்கில்லை, அவளுக்கு!

சிரிக்கிறியள். சிரியுங்கோ, சிரியுங்கோ. நானும் இப்ப சிரிக்கிறன். அண்டைக்கு வீட்டை போய்ச் சோறு தின்னேல்லை.

பேந்து இந்த வருசம் அண்ணாவியார், செபநாயகம் அண்ணாவியார், கூத்துப் பழக்கிறவர், என்னைக் கூப்பிட்டுச் சொல்லிப்போட்டார். "லியோன், உனக்குக் குரல் இருக்கு, நடை இருக்கு, மூச்சில்லை. மூச்சில்லாத ராசாவை நான் மேடையிலை ஏத்தமாட்டன். கனிசியஸைப் போடப்போறன்" எண்டு. கனிசியஸ்! அண்ணை, நீங்கள் கனிசியஸைக் காணேல்லை. பல்லு வெள்ளை, அதை ஒத்துக்கொள்ளுறன். ஆனால் ராசா மாதிரி நடவடா எண்டால் தபால்காரன் மாதிரி நடக்கிறான். வீடு வீடா நிண்டு நிண்டு போறான்! நான் அண்ணாவியாரின்ரை கையைப் பிடிச்சுக் கெஞ்சினன். மனிசன் இரங்கி ஒரு தவணை தந்தார். சுருட்டை விட்டிட்டு வந்து, கோயில் மண்டபத்திலை, எல்லாருக்கும் முன்னாலை, வரவுப்பாட்டை ஒருக்கா இழுத்துக் காட்டவேணும். இழுத்தால் முடி எனக்கு. இருமினால் கனிசியஸுக்கு.

அது எப்ப தெரியுமே? இண்டைக்கு. இண்டைக்குப் பின்னேரம்!

அதுதான் இஞ்சை வந்து குந்திக்கொண்டிருக்கிறன். வீட்டிலை இருந்தால் கை தானா குசினிக்குள்ளை தேடும். இஞ்சை எண்டால் பிள்ளை இருக்கிறா, ஒரு பயம்.

அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லவேணும். அருந்ததி. பண்டத்தரிப்பிலையிருந்து சைக்கிள் மிதிச்சு வாறவ. கம்பஸிலை படிச்சவவாம். காசில்லாத ஆக்களுக்கு எண்டு கோயில் பக்கத்திலை, சுருட்டை விடப்பண்ணுற இந்தக் கிளினிக்கைத் திறந்தவுடனை, நான் நினைச்சன், உள்ளுக்கை ஒரு பெரிய டொக்டர் இருப்பார், ஊசி போடுவார், குளிசை தருவார், சுருட்டு நாறும் எண்டு. போய்ப் பாத்தால் ஒரு சின்னப் பிள்ளை! தலை நிமிந்து பாக்கவும் வெக்கப்படுறா. நான் என்ரை மனசுக்குள்ளை, "ஆண்டவரே, இவவுக்கெல்லோ ஆரும் ஆறுதல் சொல்லவேணும் போலை கிடக்கு" எண்டன்.

ஆனால் அண்ணை, அவ கேட்டா. ஒரு கேள்விதான். "முதல் சுருட்டு எப்ப ஐயா பத்துவியள்?" எண்டு. நான் தொடங்கினன். விடியத் தேத்தண்ணியோடை ஒண்டு. தேத்தண்ணி முடிஞ்சிட்டுதே எண்ட கவலையிலை ஒண்டு. மீன் பட்டால் புளுகத்திலை ஒண்டு, படாட்டிக் கோவத்திலை ஒண்டு. மனிசி பேசினால் ஒண்டு. பேசாட்டி, ஏன் பேசேல்லை எண்டு யோசிக்க ஒண்டு. சொல்லச் சொல்ல எனக்கே வெக்கமாப் போட்டுது. அவ நெஞ்சுப் படம் காட்டி வெருட்டேல்லை. தலையை ஒரு பக்கம் சரிச்சுக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தா. கடைசியிலை மெதுவாச் சொன்னா, "ஆசை வந்தால் கொஞ்ச நேரந்தான் நிக்கும் ஐயா. அந்த நேரம் தண்ணி குடியுங்கோ, புழுக்கொடியல் சப்புங்கோ, ஆரோடையாவது கதையுங்கோ. அது போயிடும்."

தண்ணி குடிச்சால் எவ்வளவு குடிக்கிறது? கல்லு மாதிரிக் காய்ஞ்ச பனங்கிழங்கைச் சப்பிச் சப்பி என்ரை கடைவாய்ப் பல்லொண்டு ஆடுது, இஞ்சை பாருங்கோ... சரி, பாக்கவேண்டாம். மிச்சம் என்ன? கதை! ஆசை வந்தால் கதைக்கவேணும். எனக்கு எந்த நேரமும் ஆசை. அப்ப எந்த நேரமும் கதைக்கத்தானே வேணும்? கணக்குச் சரிதானே?

முதலிலை மனிசியிட்டைத்தான் தொடங்கினன். அற்புதராணி. கலியாணம் கட்டின நாளிலையிருந்து, "நீங்கள் என்னோடை ஒரு வார்த்தை கதைக்கிறியளே, அந்தச் சுருட்டோடைதானே குடும்பம் நடத்துறியள்" எண்டு மூக்காலை அழுதவள். இப்ப கதைக்கிறன், காதுக்குள்ளை பஞ்சு வைச்சிருக்கிறாள்! எங்கடை கலியாணச் சாப்பாட்டிலை கணவாய்க் கறிக்கு உப்புக் கூடினதிலையிருந்து தொடங்கி, அவளின்ரை தமையன் வல்வெட்டித்துறையிலை என்னை மதிக்காமல் பாயை உதறினது வரைக்கும் எல்லாம் கதைச்சன். அவள் கும்பிட்டுச் சொல்லுறாள், "இஞ்சேருங்கோ, பக்கத்து வீட்டை ஒருக்காப் போட்டு வாங்கோவன்" எண்டு. முந்தி நான் பக்கத்து வீட்டை போனால் சண்டைக்கு வந்தவள்!

போனன். பக்கத்து வீட்டை, அடுத்த வீட்டை, ஒழுங்கை முழுக்க. என்னைக் கண்டால் படலை சாத்துற சத்தம் வரிசையாக் கேக்கும், டக், டக், டக் எண்டு. ஆனால் ஒரு நாள் என்னட்டை வடிவா அம்பிட்டினம். குண்டு போடுற பொம்பர் வந்திட்டுது. எல்லாரும் விழுந்தடிச்சுப் பங்கருக்குள்ளை இறங்கியாச்சு. நானும் இறங்கினன். வாசல் பக்கம் நான்! ஆர் எங்கை ஓடுறது? எனக்கெண்டால் பயத்திலை சுருட்டு ஆசை உச்சிக்கு ஏறிட்டுது. தொடங்கினன் அண்ணை. ஒரு மனிசர் குறுக்கை பேசேல்லை. அப்பிடியொரு சபை எனக்குக் கூத்திலையும் வாய்க்கேல்லை. கொஞ்சத்தாலை பாத்தால் ஒவ்வொருத்தரா என்னை விலத்திக்கொண்டு மேலை ஏறுகினம். "எட, பொம்பர் இன்னும் சுத்துதடா!" எண்டு நான் கத்துறன். அடுத்த வீட்டுத் தங்கமுத்தக்கா திரும்பிப் பாத்துச் சொல்லுறா, "அது ஒருக்காத்தான் போடும் லியோன்."

எப்பிடி இருக்கு கதை!

இன்னொரு வில்லங்கம் கேளுங்கோ. நெருப்புப் பெட்டி எங்கை இருக்கு இப்ப? கடையிலை இல்லை, இருந்தாலும் யானை விலை. எங்கடை ஒழுங்கைக்கே நெருப்பு என்ரை வாயிலையிருந்துதான் போனது. ஒரு சுருட்டு முடிய மற்றதை அதிலை மூட்டிறனான் எண்டபடியாலை அணையிறதே இல்லை. விடியப் பொம்பிளையள் தேங்காய்ப் பொச்சுத் துண்டோடை வந்து, "லியோனண்ணை, கொஞ்சம் ஊதுங்கோ" எண்டு பத்தவைச்சுக்கொண்டு போவினம். கோயில் விளக்குத்தான் அணைஞ்சாலும் நான் அணையமாட்டன். இப்ப நான் விட்டிட்டன், அவையளுக்கு அடுப்பு மூட்ட நெருப்பில்லை. நெருப்பும் இல்லை, என்ரை கதையாலை நிம்மதியும் இல்லை. என்ன செய்தினம் தெரியுமே? போன கிழமை ஒழுங்கை முழுக்கத் திரண்டு வந்து படலையிலை நிக்குது. கையிலை ஒரு கட்டுச் சுருட்டு! "அண்ணை, தயவு செய்து பத்துங்கோ" எண்டு! முன்னுக்கு ஆர் நிக்கிறது? கனிசியஸ். பல்லைக் காட்டிக்கொண்டு!

நான் தொடேல்லை. மாதாவாணை தொடேல்லை. ஆனால் மணந்தனான். மணந்து பாத்தது பாவமே?

அதைத்தான் அண்ணை சுவாமியிட்டைக் கேட்டனான். அதிலைதான் எனக்கு ஒரு யோசனை உதிச்சது. பாவசங்கீத்தனம்! நீங்கள் சைவக்காரர் போலை, உங்களுக்குச் சொல்லுறன். கோயிலிலை ஒரு கூடு மாதிரி இருக்கும். சுவாமி உள்ளுக்கை இருப்பார், நாங்கள் வெளியிலை முழங்காலிலை நிண்டு செய்த பாவத்தைச் சொல்லவேணும். சொல்லி முடியுமட்டும் அவர் எழும்பக்கூடாது! காதைப் பொத்தக்கூடாது! இதைவிட ஒரு வசதி உலகத்திலை இருக்கே? ஆசை வந்தால் நேரை கோயிலுக்கு ஓடினன். விடிய ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, செபமாலைக்கு முதல் ஒருக்கா. நான் செய்த பாவம் முடிஞ்சுது. பேந்து கனிசியஸ் செய்த பாவத்தையும் சொன்னன். சுவாமி, "மற்றவையின்ரை பாவம் இஞ்சை வேண்டாம் லியோன்" எண்டார். "அவன் வந்து சொல்லமாட்டான் சுவாமி, அதுதான் நான்" எண்டன். பின்னுக்கு வரிசையிலை நிண்ட சனமெல்லாம் பாவத்தோடையே வீட்டை போட்டுது.

நேற்று சுவாமி உள்ளுக்கையிருந்து பெரிய மூச்சொண்டு விட்டார். அபராதம் தருவினம் தெரியுமே, பாவத்துக்கு ஒரு தண்டனை, மூண்டு செபம் சொல்லு, அஞ்சு செபம் சொல்லு எண்டு. எனக்கு அவர் தந்த அபராதம், "நாளைப் பின்னேரம் வரைக்கும் ஒரு வார்த்தை கதையாதை." செபமும் மனசுக்குள்ளையாம்!

அப்ப நான் என்ன செய்ய? கதைச்சால் ஆத்துமம் போச்சு. கதையாட்டிச் சுருட்டு, சுருட்டெண்டால் முடி போச்சு. இரவு முழுக்க வாயைக் கடிச்சுக்கொண்டு கிடந்தன். விடிய எழும்பி நேரை இஞ்சை வந்திட்டன். இது ஆஸ்பத்திரி மாதிரித்தானே, இஞ்சை கதைக்கிறது மருந்து, மருந்து குடிச்சால் பாவமே? நீலச் சேட்டு ஆளையும் கேட்டனான், அவர் அப்பத்தான் சைக்கிளைப் பாக்க எழும்பினவர். நீங்களும் சொல்லுறியள் இல்லை. வாயிலை கொழுக்கட்டையே வைச்சிருக்கிறியள்?

பொறுங்கோ... உங்கடை கையை ஒருக்காக் காட்டுங்கோ. காட்டுங்கோ எண்டுறன்! ஆகா. விரல் ரண்டும் தேத்தண்ணிச் சாயம். எந்த ஊர்?... அச்சுவேலியோ. தோட்டமோ... என்ன தோட்டம்?... பொயிலையோ!

ஐயோ மாதாவே! பொயிலைத் தோட்டக்காரர் புகையை விட வந்திருக்கிறார்! அண்ணை, கோவிக்காதேங்கோ, எனக்குச் சிரிப்பு அடங்குதில்லை. அப்ப உங்கடை பொயிலையைத்தான் நான் இவ்வளவு காலமும் பத்தியிருப்பன். என்ரை இருமல் உங்கடை தோட்டத்திலை விளைஞ்சது! என்ரை முடி சனத்துக்குள்ளை உருண்டதுக்கு நீங்கள்தான் உரம் போட்டனீங்கள்! கையைத் தாங்கோ. ஒரு பகையும் இல்லை. நல்ல பொயிலை, அதையும் சொல்லத்தான் வேணும். நல்ல காரம்.

...மடியிலையும் ஒண்டு இருக்கு, என்ன? மணக்குது. பச்சையா மணக்குது. அதை எடுக்காதேங்கோ. கிளினிக்குக்கு ஆரும் சுருட்டோடை வருவினமே? மூடுங்கோ, வேட்டி மடிப்பைக் கீழை இழுத்து விடுங்கோ.

உங்களுக்கு ஒண்டு சொல்லுறன். மற்றவைக்குச் சொல்லேல்லை, மனிசிக்கும் சொல்லேல்லை. அந்த முடி வெறும் கடுதாசி மட்டைதான். பொன் தாள் ஒட்டினது. எனக்கும் தெரியும். ஆனால் கடலுக்குப் போகாட்டி நான் ஆர் அண்ணை? விடிய எழும்பி வள்ளத்தைப் பாக்கிறன், கோழி என்னைப் பாக்குது. பெருநாளிலை ஒரு நாள் நான் திரையை விலத்திக்கொண்டு வந்தால் குருநகர் முழுக்க மூச்சுப் பிடிச்சுப் பாக்கும். அந்த ஒரு நாளையும் அந்தத் தபால்காரனிட்டைக் குடுக்கச் சொல்லுறியளே?

சரி சரி, அழுகைக் கதை வேண்டாம். அதைக் கூத்துக்கு வைச்சிருப்பம். இப்ப என்ரை மூச்சைப் பாருங்கோ. நெஞ்சிலை கை வையுங்கோ, வையுங்கோ அண்ணை, வெக்கப்படாதேங்கோ. முந்தி இதுக்குள்ளை சள்ளு மீன் முள்ளு சிக்கின மாதிரி ஒரு கிர்கிர் எண்ட சத்தம். இப்ப இருக்கே? இல்லை! வெறும் காத்து! கடற்கரைக் காத்து மாதிரிப் போய் வருது. வெள்ளனவே ஒருக்காப் பாடிக் காட்டுறன், உங்களுக்கு மட்டும். நீங்கள் மத்தளம். தொடையிலை தட்டுங்கோ. ஒரு சுத்து முடியுமட்டும் இழுக்கிறன், பாருங்கோ.

"மண்டலம் நடுங்கவே, மணிமுடி இலங்கவே, வந்தேன் நா..."

ம்க்கும். இருங்கோ. தண்ணி ஒரு மிடறு.

"மண்டலம் நடு..."

...என்ன இது?

"மண்ட... வந்தே..."

அண்ணை. சத்தம் வருதில்லை. மூச்சு வருது, பாருங்கோ, ஸ்ஸ்ஸ் எண்டு எவ்வளவு நேரமும் வருது, இருமல் இல்லை, ஒரு சொட்டு இருமல் இல்லை! ஆனால் குரல்... குரல் எங்கை? கதைக்கிறதும் குசுகுசு எண்டுதான் வருது! விடியத் தொடக்கம் இருந்ததே! இவ்வளவு நேரமும் இதாலைதானே கதைச்சனான்! இவ்வளவு... நேரமும்...

ஐயோ. கதைச்சே முடிச்சுப்போட்டன். தவளை தன்ரை வாயாலை கெடும் எண்டு சொல்லுவினம், நான் ராசாத் தவளை. ஒழுங்கை முழுக்க, பங்கருக்குள்ளை, சுவாமியிட்டை, நீலச் சேட்டிட்டை, உங்களிட்டை, எல்லா இடமும் கொட்டிப்போட்டன். பின்னேரத்துக்கு வெறும் மூச்சோடை போய் நிண்டு என்ன செய்ய? அண்ணாவியார் மூச்சைக் கேட்டார்தான். ஆனால் ஸ்ஸ்ஸ் எண்டு வாற ராசாவை ஆர் மதிப்பினம்? வால்வு கழண்ட சைக்கிள் எண்டு நினைப்பினம்!

பொறுங்கோ... யோசிப்பம். பின்னேரத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. இனி ஒரு சொல்லும் கதைக்காமல் இருந்தால் திரும்பி வரும். வரும், கூத்திலை கட்டின தொண்டை உப்பிடித் திரும்பி வந்திருக்கு. சரி. வாயை மூடுறன்.

...

ஆ. வந்திட்டுது. மாதாவே, இப்பத்தானே வரவேணும்! நாக்குக்குக் கீழை... விரல்... அண்ணை, உங்கடை மடி... இல்லை. காட்டாதேங்கோ. கதைக்கவும் ஏலாது. பத்தவும் ஏலாது. என்ன செய்ய?

...

அண்ணை. நீங்கள் கதையுங்கோ.

ஓம், நீங்கள்தான். நான் கேக்கிறன். எதையாவது சொல்லுங்கோ, கெதியா. எட, இவ்வளவு நேரமா உங்கடை பேரைக் கூட நான் கேக்கேல்லை... என்ன?... கனகசபாபதியோ. ம்.

ம்... ம்... மனிசிக்கோ? உங்களுக்கில்லையே இருமல், அவவுக்கோ?... அவ பத்துறதில்லை... ம்... உங்கடை சுருட்டுப் புகையாலையோ... ம்.

பேந்து?... பிள்ளையளுக்குச் சொல்லாமலோ வந்தனீங்கள். தோட்டக்காரர் ஆரும் கண்டால் பகிடி பண்ணுவினம் எண்டோ... ம். அதுதான் அந்தக் கதவைப் பாத்துப் பாத்துத் திரும்பத் திரும்ப எழும்பினனீங்கள். நான் நினைச்சன், என்ரை கதைக்கெண்டு... சரி, சரி, நான் கதையேல்லை. சொல்லுங்கோ.

ம்... ம்... நேற்றோ, கிணத்தடியிலையோ. அவ என்ன சொன்னவ?... அழாதேங்கோ அண்ணை. அழுதாலும் பரவாயில்லை. அழுதுகொண்டு சொல்லுங்கோ. எனக்கு நேரம் இருக்கு.

...

எட! அண்ணை... போட்டுது. மெய்யா! ஆசை போட்டுது! கேட்டுக்கொண்டிருந்தாலும் போகுதப்பா! அந்தப் பிள்ளை இதைச் சொல்லேல்லையே... சொல்லாமலே செய்து காட்டினவவோ...

ச்சீ, பாத்தியளே, திரும்பவும் கதைக்கிறன். மூடியாச்சு. இதோடை மூடியாச்சு.

நீங்கள் சொல்லுங்கோ. மனிசி கிணத்தடியிலை இருமிக்கொண்டு நிண்டவ.

ம்.

பேந்து?